சண்டை வராத குடம்

மூன்றாவது அத்தியாயம்

துப்பறிகிறவன் சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல் நடிக்கலாம். ஆனால் ஒரு மணி நேரம் நடிக்கக் கூடாது. டயருக்கு நடிப்புத் தெரியாது.

துரைக்கண்ணு இந்த உண்மையைக் கண்டுபிடித்தபோது திங்கட்கிழமை காலை எட்டரை மணி. இழைக்காரத் தெருக் குழாயடிக்கு எதிரே அவருடைய பின்சக்கரம் வெடித்த வெடியில், வேப்பமரத்துக் காக்கைகள் பிள்ளையார்பாளையம் வரை பறந்தன. குழாயடிப் பெண்கள் ஒரு கணம் சண்டையை நிறுத்தி அவரைப் பார்த்தார்கள். பிறகு, இவனெல்லாம் ஒரு ஆளா என்பதுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

துரைக்கண்ணுவுக்கு வருத்தமில்லை. அவரே தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷம் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். வாசலில் நின்று கட்சிக்காரர் பேரை மூன்று முறை கூப்பிடுகிற வேலை. இரண்டாவது கூப்பாட்டுக்கும் மூன்றாவது கூப்பாட்டுக்கும் நடுவில், பஸ்ஸை விட்டு இறங்கி எவனாவது ஓடி வருகிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவதைக் கூப்பிடுவார். இந்தக் கருணைக்காக நீதிபதியிடம் வாங்கிய வசவுகள் ஏராளம். ஒருநாள் அவை போதும் என்று தோன்றியதும் வேலையை விட்டுவிட்டு, சைக்கிள் கடை மாடியில் ‘துரைக்கண்ணு துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டினார். இதுவரை இரண்டு வழக்குகள். இரண்டுமே ஆடுகள். ஒன்று தானாகத் திரும்பி வந்தது. இன்னொன்று குழம்பில் இருந்தது.

இது மூன்றாவது. இதில் ஆடு இல்லை. சாமி இருந்தது.

முந்தின நாள் மாடியேறி வந்தவள் பெயர் வடிவு. ஐயம்பேட்டைச் சாயப்பட்டறையில் வேலை. கைகள் மணிக்கட்டு வரை அரக்கு நிறம். முந்தானையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். இழைக்காரத் தெருப் பஞ்சாயத்து அனுப்பிய நோட்டீஸ். கீழே மூன்று கையெழுத்துகள். அவளுடைய புருஷன் ராமலிங்கம், தெருவில் தடை செய்யப்பட்ட இளைப்பாத்தாளைக் கும்பிடுகிறான், பட்டப்பகலில் தறியை நிறுத்திவிட்டுத் தூங்குகிறான். செவ்வாய்க்கிழமை நண்பகலுக்குள் அந்தக் கூட்டத்தின் பூசாரி யார் என்று சொல்லாவிட்டால் தறியைப் பிரித்து வெளியே வைப்பார்கள், வீட்டையும் காலி செய்ய வேண்டும். தறியும் வீடும் தெருவின் பொதுச்சொத்து.

இளைப்பாத்தாளைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வானத்துக்கு நீலப்புடவை நெய்து கொடுத்தவளாம். பாதி நெய்யும்போது அசதியில் கண்ணயர்ந்துவிட்டாளாம். அவள் நெய்யாமல் விட்ட பாகம்தான் ராத்திரி. அவளை நம்புகிறவர்கள் ரகசியமாக ஓரிடத்தில் கூடி, பகலில் ஒரு நாழிகை தூங்குவார்கள். பூசையும் அதுதான், பிரசாதமும் அதுதான். நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு முகூர்த்த மாதத்தில் தெருவே இப்படித் தூங்கிப்போய், கல்யாணப் பெண்ணுக்குக் கூறைப்புடவை போய்ச் சேராமல் பட்டு முதலாளிகள் பாவு நூலும் ஜரிகையும் தர மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தெருவில் அவள் பேரைச் சொல்வதே குற்றம்.

“எங்க வூட்டுக்காரருக்கு சாமியும் கெடையாது, பூதமும் கெடையாது ஐயா,” என்றாள் வடிவு. “அவரு வெறும் தூங்குமூஞ்சி. அத மட்டும் நிரூபிச்சிக் குடுங்க. அந்தத் தறி போச்சின்னா நாங்க நடுத்தெருவுலதான் நிக்கணும்.”

பதினெட்டு வருஷக் கோர்ட் வாழ்க்கையில் எத்தனையோ மனைவிகள் புருஷனுக்காகச் சாட்சி சொல்லித் துரைக்கண்ணு கேட்டிருக்கிறார். உத்தமர் என்பார்கள், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர் என்பார்கள். சோம்பேறி என்று நிரூபித்துத் தரச்சொல்லி அழுதவளை இப்போதுதான் பார்த்தார்.

எதிர் மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்சா தலையைத் தூக்கினாள். முசரவாக்கத்திலிருந்து தினம் சைக்கிளில் வருகிறவள். அவருடைய உதவியாளர், எழுத்தர், விமரிசகர். “குடிக்கலாம்னு கவர்மெண்டே கடைய தொறந்து வுட்டுச்சி. தூங்கக்கூடாதுன்னு ஒரு தெருவுல சட்டமா,” என்றாள். பிறகு வடிவிடம், தெருவில் சமீபமாக ஏதாவது விசித்திரமாகக் கண்ணில் பட்டதா என்று கேட்டாள். வடிவு யோசித்தாள். மாதம் ஒருமுறை குழாயடியில் ஒரு குடம் வந்து நிற்கும், அது யாருடையது என்று மட்டும் தெரியாது என்றாள். விடியுமுன் வந்துவிடும், மறுநாள் விடியுமுன் போய்விடும். இன்று காலையில்கூட அது இல்லை. நாளைக்கு வந்தாலும் வரும்.

வந்திருந்தது. அதற்காகத்தான் டயர் உயிரை விட்டது.

குடத்தைத் துரைக்கண்ணுவும் பார்த்தார். வரிசையில் ஐந்தாவதாக நின்றது. சாதாரண மண்குடம். வாயைச் சுற்றிச் சிவப்பாகச் செம்மண் பூசியிருந்தது. அதில் துப்பறிய என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. அம்சா தன் பித்தளைக் குடத்தோடு வரிசைக்குள் நுழைந்தாள்.

முதலில், நாலாவதாக இருந்த ஒரு குடத்தைக் காலால் ஒரு சாண் தள்ளினாள். அடுத்த நிமிஷம் அவளுடைய ஏழு தலைமுறையும் குழாயடிக்கு வரவழைக்கப்பட்டுக் குளிப்பாட்டப்பட்டது. அம்சா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சிவப்பு வாய்க் குடத்தை இரண்டு சாண் தள்ளிவிட்டு அதன் இடத்தில் தன் குடத்தை வைத்தாள்.

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஒருத்தி மேகத்தைப் பார்த்தாள். இன்னொருத்தி, பங்குனி வெயிலில் மேகம் எங்கே இருக்கிறது என்பதுபோல் அவளைப் பார்த்தாள்.

அம்சா திரும்பி வந்தாள். “சார், குழாயடியில சண்ட வராத குடம் எங்கியாவது உண்டா? தண்ணி புடிக்காம நிக்குது, தள்ளினா யாரும் கேக்கல, முந்தினா யாரும் மொறைக்கல. அது குடம் இல்ல சார். கடுதாசி. எல்லாரும் காலையிலயே படிச்சி முடிச்சிட்டாங்க.”

 துரைக்கண்ணு தானே கண்டுபிடித்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டார். அது அவருக்கு நன்றாக வரும்.

கடுதாசியில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. குழாய் மேடையின் ஓரத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் கழுவாத பாத்திரங்கள், சோற்றுப்பருக்கை காய்ந்த நிலையில். கழுவ யாரும் வரவில்லை. பக்கத்தில் அரிசி அளக்கிற படி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் உட்கார்ந்த காக்கையைக்கூட யாரும் விரட்டவில்லை.

எடுக்க வருகிறவரைப் பிடிக்கலாமா என்று துரைக்கண்ணு கேட்டார். எடுக்க நாளை விடியுமுன்தான் வருவார்கள், அதுவரை காற்றடிக்க உங்களிடம் டயர் இல்லை என்று அம்சா நினைவூட்டினாள். எடுப்பவரும் ஏவியவரின் வேலைக்காரியாக இருக்கலாம். கடுதாசியைப் படித்துவிட்டால் எல்லோரையும் ஒரே இடத்தில் பிடிக்கலாம்.

ஆகவே இருவரும் முனைத் தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள்.

சிவப்பு வாய் என்றால் ரத்தம், ரத்தம் என்றால் கொலை என்று துரைக்கண்ணு தொடங்கினார். பெஞ்சின் மறுமுனையில் இருந்த ஆள் டீயை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அம்சா அவரைப் பேச விட்டாள். டீ ஆறுவதற்குள் ஒரு கொலை நடந்து, பிணம் வேகவதி ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம்தான் அவள் கேட்டாள்.

“சிவப்பு வாயி. செவ்வாய். நாளைக்கு இன்னா கெழம சார்?”

துரைக்கண்ணு பிணத்தை ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டார்.

அடுத்தது பாத்திரங்கள். ஏழு இருந்ததாக அவர் எண்ணி வைத்திருந்தார். ஏழு என்றால் ஏழாவது வீடு. ஏழாவது வீட்டில் இருப்பவர் யார் என்று கடைக்காரரைக் கேட்டார். அது வீடு இல்லை, மாவு மில் என்று பதில் வந்தது. மாவு மில்லில் எவன் தூங்குவான் என்று அம்சா கேட்டாள். துரைக்கண்ணு மனமொடிந்து உட்கார்ந்திருக்கையில் கடைக்காரர் உள்ளே திரும்பி, பத்துப் பாத்திரத்தைத் தேய்த்தாயா இல்லையா என்று தன் மனைவியை அதட்டினார்.

துரைக்கண்ணுவின் காதுகள் நிமிர்ந்தன. அவர் வாழ்க்கையில் மூளை செய்யாத வேலையைக் காதுதான் செய்திருக்கிறது.

“அம்சா, கழுவாத பாத்திரத்துக்குப் பேரு இன்னா?”

“பத்துப் பாத்திரம். ஏழு இருந்தாலும் பத்துதான்.”

“அது எதுமேல இருந்திச்சி?”

அம்சா டம்ளரைக் கீழே வைத்தாள். “முக்காலி. பத்து, முக்கால். பத்தே முக்கால் மணி.” அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சார், நெசமாவே நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. தேதி போட்டு எழுதி வெக்கட்டா?”

அந்தப் பாராட்டில் அவர் கெட்டுப்போனார். மூன்றாவதையும் தானே முடிப்பதாகச் சொல்லி அவளைக் கையமர்த்தினார். படி கவிழ்ந்திருக்கிறது. வாய் கீழே. கீழே படி. கீழ்ப்படி. அதாவது, சொன்னதைக் கேள், மறுபேச்சுப் பேசாதே என்று பூசாரியின் உத்தரவு. எவ்வளவு கச்சிதம். அம்சாவும் ஒப்புக்கொண்டாள். அவள் ஒப்புக்கொண்டது அவருக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

பயந்தது சரிதான். நாளும் மணியும் கிடைத்துவிட்டன, இடம் எங்கே என்பதற்குப் பதிலே இல்லை. கீழ்ப்படி என்று சொல்லிவிட்டால் எங்கே போய்க் கீழ்ப்படிவது? அன்று முழுக்கச் சத்திரம், மண்டபம், மாவு மில் எல்லாம் தேடினார்கள். மாவு மில்லில் தூங்க முடியாது என்பது மட்டும் உறுதியாயிற்று.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு இருவரும் வெறுங்கையோடு வடிவின் வீட்டில் நின்றார்கள். வடிவு பட்டறைக்குப் போகவில்லை. கூடத்தை அடைத்துக்கொண்டு தறி நின்றது. பாவில் பாதிப் புடவை, மாம்பழ நிறத்தில். தறிக் குழியின் விளிம்பில் முதுகைச் சாய்த்து, கையில் இழை ஓட்டும் நாடாவைப் பிடித்தபடியே ராமலிங்கம் தூங்கிக்கொண்டிருந்தான். தன்னுடைய வழக்கு நடக்கிற நாளிலும் இப்படித் தூங்குகிறவனிடம் துரைக்கண்ணுவுக்கு மரியாதையே வந்துவிட்டது.

நண்பகலில் தறியைப் பிரிக்கத் தச்சர் தேவசகாயத்துக்குச் சொல்லிவிட்டிருக்கிறார்கள் என்று வடிவு சொன்னாள். அழவில்லை. அரக்குக் கையால் பாவின் இழைகளைத் தடவிக்கொண்டே சொன்னாள். அழுதிருந்தால் துரைக்கண்ணு தாங்கியிருப்பார். அவர் பேச்சை மாற்றப் பார்த்து, பஞ்சாயத்து வருவதற்குள் இவனை எழுப்பிக் குளிக்கவாவது வைக்கக் கூடாதா என்று கேட்டார்.

“எங்கே குளிக்கறது? குழாயில தண்ணி நின்னுடுச்சி. செல்லியம்மன் கொளத்துலயும் சொட்டுத் தண்ணி இல்ல. கீழ்ப்படி வரைக்கும் காஞ்சி கெடக்குது.”

துரைக்கண்ணுவும் அம்சாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உத்தரவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விலாசம். குளத்தின் கீழ்ப்படி.

வாசலுக்கு வந்த துரைக்கண்ணு சட்டென்று நின்றார். ஏதோ குறைந்தது. இந்தத் தெருவில் இரண்டு பேர் பேச வேண்டுமானால் கத்திப் பேச வேண்டும், அவ்வளவு தறிச்சத்தம். இப்போது வேப்பம்பூ உதிர்கிற சத்தம் கேட்டது. இருபத்திரண்டு வீடு, ஒரு தறி ஓடவில்லை. மாதாமாதம் இது நடந்திருக்க வேண்டும். யாரும் கவனிக்காமல் போனது ஏன் என்று யோசித்தார். யாரும் இல்லை என்பதைக் கேட்க யாரும் இருந்ததில்லை. வடிவு பட்டறையில். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ராமலிங்கமோ வீட்டிலேயே இருந்தும் இல்லாதவன்.

குளம் தெருக்கோடியில்தான். மதிலோரம் பதுங்கிப் போய் இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

நாலு பக்கமும் கீழ்ப்படியில் வரிசையாக ஆட்கள். எல்லோர் தலையிலும் நனைத்த துண்டு, முகம் மறைய. ஆணா பெண்ணா என்று காலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, திரும்பவும் இல்லை. நடுவில், காய்ந்து வெடித்த மண்ணில், மஞ்சள் துணியால் முக்காடிட்ட ஓர் உருவம் நின்றது. அது இரு கைகளையும் மேலே தூக்கி, நிதானமாக, உள்ளிருந்து இழுத்து, ஒரு கொட்டாவி விட்டது.

கொட்டாவி கிழக்குப் படியில் தொடங்கித் தெற்கே போய் மேற்கே திரும்பியது. வரிசையாகத் துண்டுகள் உப்பி அடங்கின. மதிலுக்கு இந்தப் பக்கம் துரைக்கண்ணுவுக்கும் வந்தது. அம்சா அவர் வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டே அவளும் விட்டாள்.

அவள் எண்ணிப் பார்த்து, மஞ்சள் முக்காட்டோடு சேர்த்து நாற்பத்திரண்டு என்றாள்.

தேவையானது கிடைத்துவிட்டது. கூட்டம் இங்கே இருக்கிறது. ராமலிங்கம் அங்கே வீட்டில் குறட்டை விடுகிறான். பஞ்சாயத்தார் ஓடி வந்து இதைக் கண்ணால் பார்த்தால் போதும், வழக்கு முடிந்தது. ஆனால் அம்சா அவர்களை அழைத்து வருவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். ஒரு நாழிகைத் தூக்கம்தானே. துரைக்கண்ணு சட்டைப்பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார். கடவுள் அவருக்கு மூளையைக் கொடுத்தபோது கை சற்று இறுக்கமாக இருந்திருக்கலாம், தொண்டையைக் கொடுத்தபோது தாராளம். அடங்கிக் கிடக்கிற தெருவில் இந்தக் குரல் எந்த வீட்டுக்குள்ளும் போகும். அவர் மதில்மேல் ஏறி நின்று, கையெழுத்துப் போட்ட வரிசையில், கோர்ட் ராகத்தில் கூப்பிட்டார்.

“ஆதிகேசவன்... ஆதிகேசவன்...”

பழக்கதோஷம், நடுவில் நிறுத்தி யாராவது ஓடி வருகிறார்களா என்று தெருவை எட்டிப் பார்த்தார்.

“ஆதிகேசவன்...”

“ஆஜருங்க,” என்றது குரல்.

தெருவிலிருந்து வரவில்லை. வடக்குப் படியில் மூன்றாவது துண்டுக்குக் கீழிருந்து வந்தது. ஆதிகேசவன் பஞ்சாயத்துத் தலைவர். வரப்பு வழக்கு ஒன்றுக்காகப் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர். பாதித் தூக்கத்தில் அந்த ராகம் காதில் விழுந்ததும், உடம்பு தானாக எழுந்து, கை கட்டி நின்றுவிட்டது.

 பட்டியல் துரைக்கண்ணுவின் கையில் இருந்தது, வாய் பதினெட்டு வருஷப் பழக்கத்தில் அடுத்த பேருக்குப் போய்விட்டது. கலியன் தெற்குப் படியில் எழுந்தார். திருஞானசம்பந்தம் எழவில்லை. நல்ல பக்தர், ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துத் துண்டு அவரை உலுக்கி எழுப்பியது.

“சார்,” என்றாள் அம்சா மெதுவாக. “வடிவக்கா வூட்ட கழிச்சா தெருவுல இருபத்தோரு வூடு. வூட்டுக்கு ரெண்டு பேரு.”

கணக்குச் சரியாக இருந்தது. இழைக்காரத் தெருவில் இளைப்பாத்தாளைக் கும்பிடாத குடும்பம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் தெருவை விட்டுத் துரத்தப் பார்த்தார்கள்.

அதற்குள் நடுவிலிருந்த மஞ்சள் முக்காடு விலகியது. உள்ளே பட்டம்மாளின் முகம். ஆதிகேசவனின் சகதர்மிணி. அவள் மூக்குத்தி வெயிலில் பளீரென்றது.

“நீங்களா?” என்றாள்.

“பூசாரி நீயா?” என்றார் அவர். “மாகறல்ல அக்காளப் பாக்கப் போறேன்ன?”

“நீங்க செங்கல்பட்டுல வக்கீலப் பாக்கப் போறேன்னீங்க.”

முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது கூட்டத்தின் விதி. அன்று குளத்தில் மீதி நாற்பத்தோரு துண்டுகளும் ஒவ்வொன்றாக விலகின. எதிரெதிர்ப் படிகளில் புருஷனும் பெண்டாட்டியும், மாமியாரும் மருமகளும் வாய் பிளந்து நின்றார்கள். கொட்டாவிதான் வரவில்லை.

நண்பகலில் பஞ்சாயத்து ராமலிங்கத்தின் வீட்டில் கூடியது. தச்சர் தேவசகாயம் உளியும் சுத்தியலுமாக வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே குரல்கள் தணிந்தே இருந்தன. ஆதிகேசவன் துரைக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார். விஷயம் பட்டு முதலாளிகள் காதுக்குப் போனால் இருபத்திரண்டு தறிக்கும் பாவு நின்றுவிடும் என்றார். நான் தலைவன், அந்தக் கூட்டத்தை வேட்டையாடுவதுபோல் காட்டிக்கொள்ளாவிட்டால் என்மேல் சந்தேகம் வரும், இவன் பகலில் தூங்குவது ஊரறிந்த சங்கதி, அதனால் இவனை மாட்டிவிட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

துரைக்கண்ணு கண்டிப்பாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார். அந்த மனுஷர் துண்டின் ஈரம் இன்னும் காதோரம் சொட்டிக்கொண்டிருந்தது. மாதத்தில் ஒரு நாழிகைத் தூக்கத்துக்காகப் பெண்டாட்டியிடம் பொய் சொல்லிவிட்டுக் குளத்தில் இறங்குகிறவனை எப்படிக் கண்டிப்பது? தனக்குக் கிட்டப்பார்வை, குளத்தில் யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லி நோட்டீஸை நீட்டினார். ஆதிகேசவன் அதை நாலாகக் கிழித்தார். ராமலிங்கம் விசாரணையில் வெறும் சோம்பேறி என்று தீர்மானம் எழுதுவதாக ஒப்புக்கொண்டார். வடிவு கண்ணை மூடித் திறந்தாள்.

அப்போது பட்டம்மாள் குறுக்கிட்டாள். “தறி இருக்கட்டும். நான் அதுக்கு குறுக்க நிக்கல. ஆனா இவன் தெனம் தூங்கறான்மா. விரதமும் இல்ல, வேளையும் இல்ல. எங்க ஆத்தாளுக்கு அது அவமானம்.”

விரதமா என்று வடிவு கேட்டாள். பட்டம்மாள் விளக்கினாள். மாதத்தில் ஒரு நாள், ஒரு நாழிகை. அதுதான் ஆத்தாள் கொடுத்தது. மற்ற பகலில் கண்ணை மூடினால் ராத்திரித் தூக்கத்தையும் அவள் பிடுங்கிக்கொள்வாள். பட்டம்மாளின் அம்மா காலத்திலிருந்து ஒருத்தரும் இந்தக் கட்டுப்பாட்டை மீறியதில்லை.

“மீதி இருபத்தொம்பது நாளும் முழிச்சிக்கினு இருக்கணுமா?”

“இமை சாயக்கூடாது.”

வடிவு எழுந்தாள். தறிக்கம்பில் தொங்கிய துண்டை எடுத்து உதறினாள். “இவர இப்பவே சேத்துக்கோங்க.”

இத்தனைக்கும் தூங்கிக்கொண்டிருந்த ராமலிங்கம் அந்த வார்த்தைக்கு விழித்துக்கொண்டான். நடந்ததை அம்சா அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. தச்சர் வாசலில் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று கவலையோடு விசாரித்தான். இருந்தால் தறியைப் பிரிக்கச் சொல்லிவிடலாம், தனக்கு ஆட்சேபணை இல்லை என்றான். வடிவு அவனைப் பார்த்தாள். அவ்வளவுதான். அவன் தலையைக் குனிந்து கொடுத்தான்.

துண்டு விழுந்தது. தீட்சைக்கு ஒரு கொட்டாவி விட வேண்டும் என்றாள் பட்டம்மாள். ராமலிங்கம் விட்டான். பன்னிரண்டு வருஷ அப்பியாசம் அதில் இருந்தது. அது தொடங்கி, ஏறி, சுழன்று, முடியும்போது வாசலில் தேவசகாயத்தின் பீடி வாயிலிருந்து கீழே விழுந்தது. பட்டம்மாள் தன்னையறியாமல் கைகூப்பினாள்.

எல்லோரும் போன பிறகும் துரைக்கண்ணு புறப்படவில்லை. அவருடைய சைக்கிளில் இன்னும் டயர் இல்லை. ஒட்டுப்போடக் கொடுத்திருந்ததை வாங்கிவர அம்சா கடைக்குப் போயிருந்தாள். தெருவில் தறிகள் ஒன்றொன்றாக ஓடத் தொடங்கின. கடைசியாக இந்த வீட்டுத் தறியும் ஓடியது. முதலில் தடுமாறி, பிறகு தாளத்தில். கண் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ராமலிங்கம் மிதித்தான். நாடா இப்படியும் அப்படியும் பறந்தது. மாம்பழ நிறம் ஒரு விரல் கூடியது.

வடிவு சுவரோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில், உச்சிவெயில் நேரத்தில் தன் வீட்டுத் தறி ஓடுகிற சத்தத்தை அவள் கேட்டதே இல்லை என்று துரைக்கண்ணுவுக்குத் தோன்றியது. அதைச் சொல்லி ஏதாவது கேலி செய்யலாம் என்று திரும்பினார்.

அவள் தலை சுவரில் சாய்ந்திருந்தது. அரக்குக் கைகள் மடியில் விரிந்து கிடந்தன. தூங்கிப்போயிருந்தாள்.

அவர் தொண்டையைக் கனைத்தார். ராமலிங்கம் நாடாவை நிறுத்தாமல் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

“எழுப்பாதீங்க சார். அவ இன்னும் சேரல.”